அசையாத தெரு

தெருவில் அவருக்குப் பெயர் 'மேலேர்ந்து'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, தெருவுக்குத் தேவைப்படவில்லை. பேருந்து ஏன் தாமதம் என்று யாராவது சும்மா வாயைக் கொடுத்தால் போதும். "மேலேர்ந்து பார்த்தா அந்த ரோடு ஒரு எடத்துல கழுத்து மாதிரி சுருங்குது, அதான்" என்பார். பந்து தொலைந்தது என்று பையன்கள் வந்தால், "மேலேர்ந்து பார்த்தா அந்த வீட்டு மாடில ரெண்டு தொட்டி இருக்கு. நடுவுல போய்ப் பாருங்கடா" என்பார். பந்து அங்கேதான் கிடக்கும். இத்தனைக்கும் மனிதர் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. ஏணியில் பாதி ஏறினாலே கால் தந்தியடிக்கும்.

பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறையில் தொழில்நுட்ப உதவியாளர். பூமியைத் தொடாமலே, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளை வைத்துப் பூமிக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற துறை. பேராசிரியைக்கும் மாணவர்களுக்கும் அது ஆராய்ச்சி. இவருக்கு அது படத்தைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிற வேலை. மேகத்தை நீக்குவது, கோணலை நேராக்குவது, ஏரி எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு இழுப்பது. அந்த அறையில் ஏசி கணினிகளுக்காக ஓடும், மனிதர்களுக்காக அல்ல. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் அதே ஸ்வெட்டரோடு மறந்துபோய்த் தெருவுக்குள் நுழைவார். பையன்கள், "மேலே குளிரா மாமா?" என்று கேட்பார்கள். அவரும் ரொம்ப நியாயமாக, "ஆமாடா" என்பார்.

இத்தனை வருடமாகப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அவருக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எந்த இடத்தைப் பார்த்தாலும் அது முன்னால் என்னவாக இருந்தது என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் வாய் சும்மா இருக்காது. ஒரே ஒரு தடவை அவருக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. பெண் வீட்டு வரவேற்பறையில், புது சோபாவில் உட்கார்ந்து, "மேலேர்ந்து பார்த்தா இந்த எடம் பூரா ஏரி. இப்ப நாம உக்காந்திருக்கிறது நல்ல ஆழமான பாகம்" என்றார். பெண்ணின் அப்பா அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அத்தோடு அந்தப் பேச்சு மூழ்கியது.

"உண்மையத்தானேக்கா சொன்னேன்?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்.

"சொன்ன. வாய மூடிக்கிட்டு இருந்தாலும் அது உண்மையாத்தான் இருந்திருக்கும்" என்றாள் அக்கா.

அந்த அக்கா வீட்டில்தான் இருக்கிறார். முன்னறை அவருக்கு. அக்கா புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், இவருக்கு அத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாராத நாள் கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்குச் சாப்பாடு இறங்காது என்பது தனி விஷயம். அக்காவுக்கு ஒரே மகள். சின்ன வயதில் இவர் தோளில்தான் வளர்ந்தாள். தோளில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, மேலேர்ந்து பார்த்தா உன் தலையில சொட்ட தெரியுது" என்று முதன்முதலில் உலகத்துக்கு அறிவித்தவள் அவள்தான். கல்யாணமாகி, ஊரின் ஓரத்தில் பாறைக் குன்றின் அடிவாரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். இப்போது வயிற்றில் பிள்ளை.

அவளால்தான் இந்தக் கதை. அல்லது, அவர் அவள்மேல் வைத்திருந்த உயிரால்.

துறையில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. ஊரைச் சுற்றியிருந்த தூர்ந்த குளங்களை எல்லாம் சில வருடங்களாகத் தோண்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். நிலத்தடியில் தண்ணீர் ஊறினால் தரை பஞ்சு மாதிரி கொஞ்சம் எழும்பும். உறிஞ்சினால் அமுங்கும். எழும்புகிறதா, அமுங்குகிறதா? இதைப் பார்க்க ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. அது போகிற போக்கில் ஊரைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கும், எதிரொலியைக் கேட்கும். அடுத்த முறை வந்து திரும்பவும் குரல் கொடுக்கும். தரை ஒரு அரிசி கனம் இறங்கியிருந்தாலும் எதிரொலி அந்த அளவுக்குத் தாமதமாக வரும். மகா கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதற்கு ஒரு குறை. எல்லாவற்றையும் ஏதாவது ஓர் இடத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். நீங்கள் ஓர் இடத்தைக் காட்டி, "இது அசையாது, இதுதான் பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். மீதி ஊர் அதைவிட மேலே போகிறதா கீழே போகிறதா என்று அது சொல்லும்.

பூஜ்யத்தைப் பாறையில் வைப்பதுதான் முறை. குன்று இருந்தது, ஆனால் குன்று முழுக்கப் புதர். இலை ஆடினால் எதிரொலி கலைந்துபோகும். உச்சியில் கொஞ்சம் மொட்டைப் பாறை உண்டு. அதன் குரல் நம்பும்படி ஆக இன்னும் நிறைய படம் சேர வேண்டும்.

"வேற நல்ல புள்ளி எது இருக்கு?" என்று பேராசிரியை கேட்டார்.

"எங்க தெரு முனையில தண்ணித் தொட்டி இருக்கு மேடம். தூண் வெச்ச பெரிய தொட்டி. ஒவ்வொரு தடவையும் மணி அடிச்ச மாதிரி ஒரே எதிரொலி."

"சரி, இப்போதைக்கு அத வைங்க."

இப்போதைக்கு. ஆபீஸ்களில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற ஆயுள் ஆமைக்குக்கூடக் கிடையாது. கதவு ஆடாமல் இருக்க இப்போதைக்கு என்று மடித்து வைத்த அட்டைதான் அந்தக் கட்டடத்திலேயே வயதில் மூத்தது.

அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊர் முழுவதையும் அளக்கிற பூஜ்யம் தன் தெருவில் இருக்கிறது. காலையில் பல் விளக்கிக்கொண்டே அந்தத் தொட்டியைப் பார்ப்பார், சொந்தப் பிள்ளை பரிசு வாங்கியதைப் பார்ப்பதுபோல.

படம் வந்தது. பூஜ்யம் பச்சை, எழும்புவது நீலம், இறங்குவது சிவப்பு. சிவப்பு எங்கேயும் இல்லை. நடுவில் அவர் தெரு பச்சை. அங்கிருந்து ஊர் ஓரம் போகப் போக வெளிர்நீலம், கடைசியில் குன்றின் அடிவாரத்தில் நல்ல நீலம். குளங்கள் இருந்ததும் ஊர் ஓரத்தில்தான். பேராசிரியைக்குக் கண் கலங்கியது. இருபது வருடமாக ஏரி செத்தது, காடு போனது என்று சாவுச் செய்தியே எழுதிக்கொண்டிருந்தவருக்கு முதல் தடவையாக ஒரு நல்ல செய்தி. தண்ணீர் திரும்பி வருகிறது, தரை எழுந்திருக்கிறது. அன்று அறையில் எல்லாருக்கும் டீ அவர் செலவு. எல்லாருமே இந்தப் படம் இப்படித்தான் வர வேண்டும் என்று ஏங்கியிருந்தார்கள். ஏங்கியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்த்தால் படம் நேராகத்தானே தெரியும்.

அவர் வீட்டுக்கு ஓடிவந்து அறிவித்தார். "மேலேர்ந்து பார்த்தா ஊர்லயே அசையாத தெரு நம்ம தெருதான்."

"அதான் இந்தத் தெருவுல எவனும் வண்டிய நகத்த மாட்டேங்கிறான்" என்றார் அத்தான்.

"சிரிக்காதீங்கத்தான். குன்றுப் பக்கம் தரை எழும்புது. ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் எழும்பலன்னா சுவரு விரிசல் விடும். புள்ளைய அங்க விட்டு வெக்கலாமா?"

அக்காவின் முகம் மாறியது. மகள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு விரிசலை அவள் பார்த்திருக்கிறாள். பூச்சு வெடித்த விரிசல், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் தம்பி ரேடாரில் பார்த்துவிட்டுச் சொல்லும்போது பூச்சு விரிசல் பூகம்பமாகத்தான் தெரியும். அவரே மகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, அங்க வேணாம். பிரசவத்துக்கு எப்படியும் வரணும்ல, மொத்தமா வந்துடு. மாடி எடுத்துடலாம்."

அத்தான் பல வருடமாக எடுக்கலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்ட மாடி. மச்சினன் சொன்ன ஒரே வார்த்தையில் செங்கல் இறங்கியது. மேஸ்திரியிடம் அத்தான் பெருமையாகச் சொன்னார். "நீ அஸ்திவாரம் பாத்த, சரி. எங்காளு ஆகாசத்துலேர்ந்து பாத்துட்டான்."

சுவர் ஏறியது. கூரைக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட் என்று முடிவான அன்றுதான் துறையில் அது நடந்தது.

ஆராய்ச்சி மாணவி புதுப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சுறுசுறுப்பான பெண், எதையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் யோசிப்பாள். "அண்ணா, குன்று உச்சி மொட்டைப் பாறை இப்ப நல்லா வருது. அதுவும் நீலம். ஜம்முனு மேல போகுது."

"நல்லதுதானே" என்று சொன்னவர், டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தினார்.

பேராசிரியை தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். குளத்தங்கரை மண் தண்ணீர் குடிக்கும், எழும்பும். பாறை என்னத்தைக் குடிக்கும்? அதுவும் குளத்தங்கரை எழும்புகிற அதே அளவுக்கு?

"மலை வளருதா மேடம்?" என்று மாணவி கேட்டாள். அவளாவது சிரித்திருக்கலாம். அவளும் சிரிக்கவில்லை.

"பூஜ்யத்த எங்க வெச்சிருக்கோம்?" என்றார் பேராசிரியை.

அவருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. "தொட்டியில மேடம். எங்க தெருத் தொட்டி. இப்போதைக்குன்னு வெச்சோம்."

"எப்ப?"

"ஆரம்பத்துல."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். "நான்தான் சரின்னேன். அதுக்கப்புறம் ஒரு தடவகூட கேக்கல." திட்டியிருந்தால்கூட இவருக்குத் தேவலை. "பாறைக்கு மாத்திப் பாருங்க."

மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஒரு புள்ளியை அழித்து இன்னொன்றைத் தொட வேண்டும். ஒரே ஒரு க்ளிக். அதை அவர் கையாலேயே செய்தார். கணினி சற்று நேரம் சுற்றியது. பிறகு, மேசை விரிப்பை ஒரு மூலையில் பிடித்து இழுத்ததுபோல, படம் முழுக்க நிறம் நகர்ந்தது. குன்று பச்சையாயிற்று. அடிவாரம் பச்சை. குளங்கள் எல்லாம் பச்சை. எழுந்து நின்றதாக டீ குடித்துக் கொண்டாடிய தரை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. நடு ஊர் மஞ்சளாகி, அதற்கும் நடுவில் ஒரு சிவப்பு, வீங்கிய புண் மாதிரி. புண்ணின் மத்தியில் தொட்டி.

தொட்டியை நிரப்ப அதன் காலடியிலேயே ஆழ்துளைக் கிணறுகள் போட்டிருந்தார்கள். தன் காலுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சி, தெருவுக்குக் கொடுத்துவிட்டு, தெருவோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது அது. மலை இறங்குகிற பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்கிற மரம் எல்லாம் ஏறுகிறது என்று இத்தனை நாளாக எழுதியிருக்கிறார்கள்.

"அண்ணா, இது உங்க தெருல்ல?" என்றாள் மாணவி மெதுவாக.

"பச்சையா இருந்துச்சே" என்றார் அவர். கையில் வைத்திருந்த மிட்டாய் எங்கே போனது என்று கேட்கிற குழந்தையின் குரல்.

பேராசிரியை அவரைக் கூட்டிக்கொண்டு அப்போதே தண்ணீர் அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், மின்விசிறியை இவர்கள் பக்கம் திருப்பினார். படத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"போன தடவ கூட்டத்துல எழும்புதுன்னீங்க மேடம்."

"தப்பா சொன்னோம்."

"இப்ப சொல்றது?"

"சரியா சொல்றோம்."

"போன தடவையும் இதே மாதிரிதான் தைரியமா சொன்னீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "சரி, மோட்டார நிறுத்திடலாம். ஒரு நிமிஷ வேலை. சார் அந்தத் தெருதானே? நாளைலேர்ந்து தண்ணி வராதுன்னு தெருவுல நீங்களே சொல்லிடுறீங்களா சார்? வேற எடத்துலேர்ந்து கொண்டு வர எங்ககிட்ட ஒரு குழாயும் இல்ல."

அவர் வாயைத் திறந்தார். வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு மோட்டார் சத்தத்துக்குக் காதைத் தீட்டி நிற்கிற தெரு கண்முன் வந்தது. வரிசையில் முதல் வாளி அக்காவுடையது. வாயை மூடிக்கொண்டார்.

"எவ்ளோ இறங்குது வருஷத்துக்கு?" என்றார் பொறியாளர், வழியனுப்பும்போது.

"ஒரு விரக்கடை. ஒரு விரல் அகலம்."

"அவ்ளோதானா?" என்றார் பொறியாளர். முகத்தில் நிம்மதி.

அந்த 'அவ்ளோதானா' அன்று சாயங்காலம் வீட்டிலும் அவர் காதில் விழுந்தது. வீட்டு வாசலில் மணலும் ஜல்லியும் குவிந்திருந்தன. கலவை இயந்திரம் வந்து நின்றிருந்தது. அத்தானும் மேஸ்திரியும் மாடிப்படியில் உட்கார்ந்து காலை வேலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், கான்கிரீட்ட நிறுத்துங்க."

"ஏன் மாப்ள, மேலே மழையா?"

"தெரு இறங்குது."

அத்தான் தெருவைப் பார்த்தார். தெரு இருந்தது. "எங்க எறங்குது?"

"அது கண்ணுக்குத் தெரியாதுத்தான். எல்லாம் சேந்து இறங்குது. வீடு, ரோடு, தொட்டி, நீங்க, நானு. நீங்க வேன்ல போறப்ப மரம் பின்னால போற மாதிரி…"

"மாப்ள, இருபது வருஷமா வேன் ஓட்டுறேன். வண்டி நகருதா மரம் நகருதான்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு ஸ்டியரிங் இருக்கு. எங்களுக்கு அது இல்லாம போச்சு."

"நீதானடா அசையாத தெருன்னு சொன்ன? தெருமுனை டீக்கடை வரைக்கும் நான் சொல்லிட்டேனே!"

"பூஜ்யத்தத் தப்பா வெச்சுட்டோம்."

மேஸ்திரி வயதானவர், சண்டை பிடிக்காது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். கட்டிய சுவரின்மேல் வைத்தார். உள்ளே குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. தரையில் வைத்தார். நடுவில். வாசற்படியில் வைத்தார். அங்கேயும் நடுவில். "பாருங்க தம்பி. ஒரு நூல்கூட சாயல."

சாயாது. எல்லாம் சமமாக இறங்கும்போது குமிழி எப்படிச் சாயும்? இந்தத் தெருவுக்குள் இருக்கிற எதை வைத்து அளந்தாலும் தெரு சரியாகத்தான் இருக்கும். அதைத்தானே அவரும் ஒரு செயற்கைக்கோளையே வைத்துக்கொண்டு செய்தார்! அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதன்மேல் கோபப்பட முடியவில்லை.

"இப்ப சமமா இறங்குது. ஒருநாள் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மியா இறங்கும். அப்ப விரிசல் விடும்" என்றார்.

"எப்ப?" என்றார் அத்தான்.

"தெரியாது."

"அடுத்த வருஷமா?"

"தெரியாதுத்தான். பத்து வருஷமும் ஆகலாம். விடாமலும் இருக்கலாம்."

"எவ்ளோ எறங்குது?"

"வருஷத்துக்கு ஒரு விரக்கடை."

"அவ்ளோதானா? டேய், தெனமும் பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில அதவிட ஜாஸ்தி எறங்குறேன்டா!" அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். "சரி, மாடி போடாம விட்டா எறங்காதா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாடிப் பாரத்தால்தான் இறங்குகிறது என்று சொன்னால் அத்தான் அந்த நிமிடமே கலவை இயந்திரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் சோபாவில் உட்கார்ந்து ஏரியைப் பற்றிச் சொன்ன வாய் அது.

"அப்பவும் இறங்கும்" என்றார்.

"போட்டாலும் எறங்கும், போடாட்டியும் எறங்கும். அப்ப போட்டுட்டே எறங்குவோம்!" அத்தான் எழுந்து துண்டை உதறினார். "மேஸ்திரி, காலையில வெயிலுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடலாம்."

மேஸ்திரியும் சிரித்தார். மச்சினனை யாரும் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்குக் கத்தலாம். பாசமாகச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

முன்னறைக்குள் போய் மகளுக்குப் போன் போட்டார். கடைசி வழி அதுதான். அவள் குன்றடியிலேயே இருந்துவிட்டால் போதும். மாடி சும்மா கிடக்கட்டும், பையன்கள் பந்து பொறுக்கட்டும்.

"கண்ணு, நீ அங்கேயே இரு. வர வேணாம்."

"மாமா! போன மாசம் ஓடி வான்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன். அங்க பாறை. உன் வீடுதான்டா கண்ணு அசையாத வீடு."

"அந்த வீட்ட விட்டாச்சு மாமா. அட்வான்ஸ நேத்தே திருப்பி வாங்கியாச்சு. சாமானெல்லாம் கட்டி வெச்சு, மூட்ட மேல உக்காந்துதான் பேசிட்டிருக்கேன். நாளைக்கு வேற யாரோ வர்றாங்க."

"வேற எடம் பாக்கலாம், அந்தப் பக்கமே."

"மாமா, எட்டாவது மாசம். என்னால இனிமே வீடு வீடா ஏறி இறங்க முடியாது. எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்." பிறகு, சின்ன வயசுக் குரலில், "உங்களுக்கு நான் வர்றது கஷ்டமா இருக்கா?"

அத்தோடு முடிந்தது. "இல்லடா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? "வா. பாத்து வா. படியில பாத்து ஏறு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவுக்குப் பக்கத்தில் அக்கா. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நிஜமாவா தம்பி?"

"நிஜம்தான்க்கா."

அவள் நம்பினாள். வீட்டிலேயே நம்பியது அவள் ஒருத்திதான். நம்பியும், "நாம எங்க போறது?" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

காலையில் கலவை இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தரையிலிருந்து மாடிவரை ஆட்கள் படியில் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கை மாற்றினார்கள். ஒருவர் குறைந்தார், வரிசையில் ஓட்டை விழுந்தது. நடுப்படியில், சட்டி கைக்கு எட்டாமல், மேலே நிற்கிறவர் குனிந்து குனிந்து வாங்கினார். அத்தான் வேனைக் கிளப்பவேண்டிய நேரம். "மாப்ள, கொஞ்சம் நிக்கிறியா?" என்றார். முதல்நாள் சண்டையின் சுவடே அவர் முகத்தில் இல்லை.

ஏணியில் பாதி ஏறினாலே நடுங்குகிற மனிதர் நடுப்படியில் போய் நின்றார். கீழிருந்து சட்டி வந்தது, வாங்கினார், மேலே கொடுத்தார். வந்தது, வாங்கினார், கொடுத்தார். பாரம் ஒரு பொருட்டே இல்லை என்று அவருக்குத் தெரியும். இறங்குவது வேறு ஆழத்தில், வேறு காரணத்தால். அப்படியும் ஒவ்வொரு சட்டியையும் விடுவதற்கு முன் ஒரு நொடி பிடித்துப் பிடித்துக் கொடுத்தார். மேலே நின்றவர் கத்தினார். "குடுங்க சார், என்ன, பிரிய மனசில்லையா?"

தெருப் பையன்கள் எதிர்த் திண்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "மேலேர்ந்து மாமா இன்னிக்கு நடுவுலேர்ந்து!" என்று ஒருவன் குரல் கொடுத்தான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவன் மறுபடி கத்தவில்லை.

மகள் வந்தாள், மாடி முடிந்தது, பிறகு அவளுக்கு ஒரு மகள் வந்தாள். துறையில் திருத்திய அறிக்கை போயிற்று. பேராசிரியை மறைக்காமல் தப்பு தங்களுடையது என்று எழுதினார். மேலும் ஆராய வேண்டும் என்று பதில் வந்தது. ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தரை எழுந்திருக்கிறது என்ற செய்தி பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. எழவில்லை என்பது எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

ஒருநாள் மாணவி கூப்பிட்டாள். "அண்ணா, இங்க புதுசா ஒரு புள்ளி. முன்னாடி இல்ல. என்னமா அடிக்குது பாருங்க!"

பார்த்தார். புதுக் கூரையும் மாடிப்படிச் சுவரும் சேரும் மூலை. ரேடாருக்கு மூலை என்றால் கொள்ளை ஆசை. போன குரல் சிந்தாமல் சிதறாமல் அப்படியே திரும்பி வரும்.

"எங்க மாடிம்மா" என்றார்.

அவள் முகம் சுருங்கியது. "எடுத்துடவா அண்ணா? ஒரு புள்ளிதானே."

"எதுக்கு? நல்ல புள்ளி. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வரும்போதெல்லாம் அந்த இடத்துக்கு ஒரு புள்ளி சேர்கிறது. முந்தையதற்குக் கொஞ்சம் கீழே. அடுத்தது அதற்கும் கொஞ்சம் கீழே. படி இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக அதைத் திறந்து பார்ப்பார். பிறகு மூடிவிட்டு, ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வருவார்.

அன்றும் வந்தார். மாடியில் மகள் தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் கையை வைத்தபடி ஒரு சுற்று நடந்தார். இப்போதெல்லாம் அது வழக்கமாகிவிட்டது. எதுவும் இல்லை. வழுவழுவென்று புதுச் சுவர்.

"மாமா, மேலேர்ந்து பார்த்தா எம்பொண்ணு தெரியுறாளா?"

அந்த வாய் முன்பென்றால் எல்லாவற்றையும் கொட்டியிருக்கும்.

"பளிச்சுனு தெரியுறா" என்றார். பொய் இல்லை.

குனிந்து குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தார். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்னக் கை, அவருடைய ஒற்றை விரலை முழுதாகச் சுற்றிப் பிடிக்கப் போதவில்லை. ஒரு விரல். வருடத்துக்கு அவ்வளவுதான்.

தெருமுனையில் மோட்டார் உறுமியது. வாளிகள் மோதுகிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம். கீழிருந்து அக்கா கூப்பிட்டாள். "தம்பி, தண்ணி வந்துருச்சு! வாளிய எடுத்துட்டு வாடா, நின்னுடப் போகுது!"

குழந்தை விழிக்காமல் விரலை மெல்ல உருவிக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்து, அவர் கீழே இறங்கினார்.